டெபியன் 13 இன்ஸ்டாலர்: பெயர் கேட்கும் அந்த இரண்டு திரைகள்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். கம்ப்யூட்டருக்குப் பெயர் வைக்கும் வேலையை இன்ஸ்டால் நடக்கும்போதே, சரியான கட்டத்தில், தனித் திரை போட்டுக் கேட்பதில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் இன்ஸ்டாலரை மிஞ்சிய ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு, அதாவது ஹோஸ்ட்நேமுக்கு, அடுத்து வரும் டொமைன் திரையில் அது சொல்லும் யோசனை காலாவதியாகிவிட்டது, அதை நம்பி எதையாவது தட்டி வைத்தால் பின்னால் தலைவலிதான். முதல் திரைக்கு ஐந்துக்கு நாலரை, இரண்டாவதற்கு ஐந்துக்கு இரண்டு.

பள்ளி, கல்லூரி லேப்களுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதும் பிறகு அவற்றைப் பராமரிப்பதும் என் பிழைப்பு. அதனால் ஓர் இன்ஸ்டாலரை மதிப்பிடும்போது திரை அழகாக இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். நாளைக்கு ஏதாவது பழுது என்று போன் வந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த மெஷினைத் தேடிப் பிடிக்க முடியுமா என்றுதான் பார்ப்பேன். அதற்கு இன்ஸ்டால் அன்றைக்கு வைத்த பெயர்தான் கைகொடுக்கும். டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9-ல், ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் அதைவிட வெகு பழையவை. இப்போதைய இன்ஸ்டாலரின் மூதாதை 2005-ல் டெபியன் 3.1 உடன் வந்தது, அப்போதிருந்தே இவையும் கூடவே வருகின்றன.

மொழி, நாடு, கீபோர்டு எல்லாம் கேட்டு முடித்து, நெட்வொர்க் கார்டைக் கண்டுபிடித்து, ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி வாங்கிய கையோடு ஹோஸ்ட்நேம் திரை வந்துவிடும். நெட்வொர்க்கில் இந்தக் கணினியை அடையாளம் காட்டும் ஒற்றைச் சொல்தான் ஹோஸ்ட்நேம், என்ன வைப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் நெட்வொர்க் நிர்வாகியைக் கேளுங்கள், வீட்டு நெட்வொர்க் என்றால் நீங்களே ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கீழே ஒரு பெட்டி கொடுத்திருக்கும். பெட்டியில் வழக்கமாக 'டெபியன்' என்று சிற்றெழுத்தில் முன்கூட்டியே நிரப்பியிருக்கும். நெட்வொர்க்கில் ஐபி முகவரி ஒதுக்கித் தரும் டிஎச்சிபி சர்வரோ, பெயரையும் முகவரியையும் பொருத்திச் சொல்லும் டிஎன்எஸ்ஸோ இந்த முகவரிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் ஒதுக்கி வைத்திருந்தால், அந்தப் பெயரே வந்து உட்கார்ந்திருக்கும். ஒழுங்காக நிர்வகிக்கப்படும் இடத்தில் அதைப் பார்த்துச் சரி என்று தட்டினால் போதும். இது சின்ன விஷயம்தான், ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

'டெபியன்' என்பதை அப்படியே விட்டுவிட்டு என்டர் தட்டினால் என்ன ஆகும்? ஒரே ஒரு மெஷின் என்றால் ஒன்றும் ஆகாது. ஒரு லேப் முழுக்க அப்படித் தட்டியிருந்தால் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பாருங்கள்: மேலிருந்து கீழ்வரை டெபியன், டெபியன், டெபியன். அப்படி ஒரு லேப் பராமரிப்புக்கு என்னிடம் வந்தது, எங்கே என்று சொல்லப்போவதில்லை. டெஸ்க்டாப் மெஷின்களில் மெஷினின் பெயரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாகி என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கும், அது நெட்வொர்க்கில் ஏற்கெனவே அதே பெயரில் ஒருவர் இருப்பதைக் கண்டால் தன்னை 'டெபியன்-2', அடுத்தது 'டெபியன்-3' என்று மாற்றிக்கொள்ளும். இதில் கொடுமை என்னவென்றால், காலையில் எந்த மெஷினை முதலில் ஆன் செய்கிறார்களோ அதற்குத்தான் எண் இல்லாத பெயர் போகும். நேற்று ஜன்னலோரம் இருந்த மெஷின் 'டெபியன்-4', இன்றைக்கு அதே பெயர் கதவோரத்து மெஷினுக்கு. அப்டேட் ஓடாத மெஷின் எது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாக நடந்துபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் தனிப் பெயர் வைத்து, அதே பெயரை கேபினெட் முன்பக்கத்தில் ஸ்டிக்கராகவும் ஒட்டிய பிறகுதான் அந்த லேப் வழிக்கு வந்தது.

பெட்டியில் என்ன தட்டலாம் என்பதில் இன்ஸ்டாலர் கறார். ஆங்கில எழுத்து, எண், நடுவில் இணைப்புக்கோடு, இவ்வளவுதான். கோட்டில் தொடங்கவும் கூடாது, முடியவும் கூடாது, மொத்தம் 63 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. அடிக்கோடு போட்டால் ஏற்காது, இடைவெளி விட்டாலும் ஏற்காது, தவறான பெயர் என்று சொல்லி விதியையும் அங்கேயே காட்டிவிடும். இது டெபியன் தானாகப் போட்ட கட்டுப்பாடு இல்லை. ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் விதிகளையும் யோசனைகளையும் சொல்லும் ஆவணங்கள்; 1985-ன் ஆர்எஃப்சி 952, பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்றது. 1989-ன் ஆர்எஃப்சி 1123 எண்ணிலும் தொடங்கலாம் என்று தளர்த்தியது. அதே வழிதான் இன்றுவரை. நான் கூடுதலாக ஒன்று சொல்வேன்: அந்த மெஷின் விண்டோஸ்காரர்களோடு ஃபைல் பகிரப்போகிறது என்றால் 15 எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் விண்டோஸின் பழைய நெட்பயாஸ் பெயருக்கு அதுதான் உச்சவரம்பு. இதை இன்ஸ்டாலர் சொல்வதில்லை.

இந்தக் கேள்வி பார்ட்டிஷன் பிரிப்பதற்கு முன்னால் வருகிறது என்பதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டத்தில் எல்விஎம் வழியை (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பங்கிடும் முறை) தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டாலர் உருவாக்கும் வால்யூம் குரூப்புக்கு, அதாவது டிஸ்க் இடத்தின் தொகுப்புக்கு, உங்கள் ஹோஸ்ட்நேமையே எடுத்து, பின்னால் 'விஜி' என்று ஒட்டிப் பெயர் வைக்கும். ஹோஸ்ட்நேம் வைகை என்றால் குரூப்பின் பெயர் 'வைகை-விஜி'. பிற்பாடு ஹோஸ்ட்நேமை எவ்வளவு எளிதாக மாற்றினாலும் டிஸ்க்கில் எழுதிய இந்தப் பெயர் மாறாது. அதையும் மாற்றியே தீருவேன் என்றால் குரூப்பின் பெயரை மாற்றி, எந்த டிஸ்க் பகுதி எங்கே சேரும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திருத்தி, பூட் லோடரின் அமைப்பையும் மெஷின் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி உருவாக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் மெஷின் எழுந்திருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் யாரும் ஆசைப்பட்டுச் செய்கிற வேலை இல்லை இது. மூன்று தடவை பெயர் மாறிய சர்வர்களின் டிஸ்க்கில் இன்னும் முதல் பெயர் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன், புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து இது வேறு மெஷினின் டிஸ்க்கோ என்று குழம்புவார்.

டிஸ்க்கில் மட்டுமா? தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வருக்கான சாவிகள் உருவாகும்போது அவற்றின் கடைசியில் 'ரூட் அட்' என்று போட்டு ஹோஸ்ட்நேம் எழுதப்படும். மெயில் சேவை போட்டிருந்தால் அது ஒரு பெயரைத் தனக்கென்று ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 என்ற முகவரிக்கு நேராக முழுப் பெயரும் சின்னப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையால் பெயரை மாற்றிவிட்டு இந்த ஃபைலைத் தொடாமல் விட்டால் அடுத்த தடவை நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட சூடோ போடும்போது ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முனகும், நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்த வரியில் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால் சரியாகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முதல் நாளே நிதானமாக ஒரு பெயர் வைத்திருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

இனி டொமைன் திரை. என் மனத்தாங்கல் எல்லாம் இங்கேதான்.

டொமைன் என்பது உங்கள் இணைய முகவரியில் ஹோஸ்ட்நேமுக்கு வலப்பக்கம் வரும் பகுதி என்கிறது, சரி. பெரும்பாலும் காம், நெட், எடு, ஆர்க் என்று முடியும் என்கிறது, அந்தக் காலத்துக்குச் சரி. வீட்டு நெட்வொர்க் என்றால் எதையாவது நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம், ஆனால் எல்லாக் கணினிகளிலும் ஒன்றையே பயன்படுத்துங்கள் என்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தில் பாதி நல்ல யோசனை, பாதி ஆபத்தான யோசனை. இதைப் படிக்கும் புதியவர் என்ன செய்வார்? மேலே உதாரணம் காட்டியிருக்கிறதே என்று தன் பெயரோடு டாட் காம் சேர்த்துத் தட்டுவார். அந்த டாட் காம் உண்மையிலேயே வேறு ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம் என்று அந்தத் திரை ஒரு வார்த்தைகூட எச்சரிப்பதில்லை.

இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் தட்டிய டொமைன், பெயர் தேடும் அமைப்புக்கான ரிசால்வ் ஃபைலில் 'சர்ச்' என்ற வரியாகப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு நீங்கள் வெறுமனே 'பிரின்டர்' என்று தட்டினால், சிஸ்டம் அதன் பின்னால் அந்த டொமைனை ஒட்டித் தேடும். உங்கள் வீட்டில் அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் கேள்வி வெளியே போகும், அந்த டொமைனின் உண்மையான உரிமையாளரின் டிஎன்எஸ் சர்வர்வரை போகும். அவர் எந்தப் பெயர் கேட்டாலும் ஒரு முகவரி கொடு என்று அமைத்திருந்தால், உங்கள் மெஷின் முன்பின் தெரியாத சர்வரிடம் போய் நிற்கும். கற்பனை இல்லை இது. அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியின் ஆரம்ப காலத்தில் பல நிறுவனங்கள் உள் நெட்வொர்க்குக்கு 'கார்ப்' என்று பெயர் வைத்துவிட்டன, அதனால் அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோன லேப்டாப்கள் எல்லாம் 'கார்ப் டாட் காம்' என்ற நிஜமான டொமைனைத் தேடிப் போயின. கடைசியில் 2020-ல் மைக்ரோசாஃப்டே அந்த டொமைனை அதன் உரிமையாளரிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. 'கார்ப்', 'ஹோம்', 'மெயில்' மூன்றையும் யாருக்கும் மேல்நிலை டொமைனாக (காம், நெட் போல முகவரியின் கடைசிப் பகுதியாக) கொடுப்பதில்லை என்று 2018-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு காலவரையின்றி நிறுத்தி வைத்ததும் இதே குழப்பத்தால்தான்.

அப்படியானால் என்ன தட்டுவது? வீட்டுக்கு என்றே 'ஹோம் டாட் ஆர்பா' ஒதுக்கப்பட்டிருக்கிறது, 2018 மே மாத ஆர்எஃப்சி 8375 அது. ஆர்பா என்பதற்கு ஏ, ஆர், பி, ஏ என்ற நான்கு எழுத்து. பார்க்க அழகாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உலகத்தில் யாரும் அதைப் பதிவு செய்து உங்கள் காலை வாரிவிட முடியாது. அலுவலகம், லேப் என்றால் 'இன்டர்னல்' என்று முடியும் பெயர் வைக்கலாம். உள் உபயோகத்துக்கு மட்டும், வெளியே ஒருபோதும் தரமாட்டோம் என்று 2024 ஜூலையில் ஐகான் முடிவெடுத்தது. நிறுவனத்துக்கு ஏற்கெனவே சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழே ஒரு கிளைப் பெயர் வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, நான் லேப்களில் செய்வது அதைத்தான். 'லோக்கல்' மட்டும் வேண்டாம். சின்னதாக, பொருத்தமாகத் தெரிந்தாலும் அது 2013-ன் ஆர்எஃப்சி 6762 படி, மேலே சொன்ன அவாகி போன்ற சேவைகளுக்கு விடப்பட்ட இடம்; சாதாரண டிஎன்எஸ்ஸில் அதைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். 'டெவ்' வைக்கும் பழக்கமும் வெப் டெவலப்பர்களிடம் உண்டு, அதுவும் இப்போது நிஜமான மேல்நிலை டொமைன், பிரௌசர்கள் அதை பாதுகாப்பான இணைப்பில்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது: டொமைன் பெட்டியைக் காலியாகவே விட்டுவிட்டுத் தொடரலாம். தனி லேப்டாப்புக்கு அதுவே போதும், ரவுட்டர் ஏதாவது டொமைன் சொன்னால் அந்தந்த இடத்துக்கு ஏற்ப அது தானாக வந்து போகும். காலியாக விடலாம் என்று ஒரே ஒரு வரி அந்தத் திரையில் இருந்திருந்தால் எத்தனையோ பேர் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இந்த ஒரு வரி இல்லாததற்காகவே ஒரு மதிப்பெண் குறைத்தேன். முதல் திரையிலேயே முழுப் பெயரையும் புள்ளி வைத்துத் தட்டினால் இன்ஸ்டாலரே அதைப் பிரித்து ஹோஸ்ட்நேம் வேறு, டொமைன் வேறு என்று எடுத்துக்கொள்ளும், அதையும் எங்கேயும் சொல்வதில்லை.

மற்றவர்கள் எப்படி என்றும் பார்க்கலாம். விண்டோஸ் 10 கேட்பதே இல்லை, 'டெஸ்க்டாப்' என்று ஆரம்பித்துக் கண்டபடி ஏழு எழுத்தும் எண்ணும் சேர்த்து அதுவே ஒன்று வைத்துவிடும்; விண்டோஸ் 11 கேட்கிறது, தாண்டிப் போகவும் விடுகிறது, அது முன்னேற்றம்தான். அங்கே டொமைன் என்றால் ஆக்டிவ் டைரக்டரி டொமைன், அது வேறு சமாச்சாரம், ஹோம் பதிப்பில் அதில் சேரவே முடியாது. உபுண்டு டெஸ்க்டாப் உங்கள் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் பெயருக்கும் ஒரு பெட்டி வைக்கிறது, டொமைன் கேட்பதில்லை. ஃபெடோராவின் பழைய அனகோண்டா இன்ஸ்டாலரில் நெட்வொர்க் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் உண்டு. ஓபன்பிஎஸ்டி மட்டும் டெபியனைப் போலவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது, அதுவும் ஒற்றை வரியில், வளவளவென்று இல்லாமல்.

உபுண்டு அந்தப் பெட்டியில் உங்கள் பெயரையும் லேப்டாப் மாடலையும் சேர்த்து ஒன்றைத் தானாக நிரப்பி வைக்கும் பழக்கம் உண்டு. வசதிதான், ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஏனென்றால் நெட்வொர்க்கில் சேரும்போது ஐபி கேட்கும் செய்தியோடு ஹோஸ்ட்நேமும் சேர்ந்தே போகிறது. ரயில் நிலைய வைஃபையிலும் காபி கடை வைஃபையிலும் உங்கள் பெயரும் நீங்கள் வைத்திருக்கும் லேப்டாப்பின் மாடலும் அந்த ரவுட்டரின் பட்டியலில் பதிவாகும். இதைப் பற்றியே 2017-ல் ஆர்எஃப்சி 8117 என்று ஒன்று எழுதி, இந்த நடைமுறை தீங்கானது என்று தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். டெபியன் உங்கள் பெயரை நிரப்புவதில்லை, அது நல்லது. ஆனால் நீங்கள் வைக்கும் பெயர் போகிற இடமெல்லாம் வெளியே தெரியும் என்று ஹோஸ்ட்நேம் திரையும் சொல்வதில்லை. முதல் திரைக்கு அரை மதிப்பெண் குறைந்தது இதனால்தான். வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்புக்குத் தயவுசெய்து உங்கள் பெயரையோ மகள் பெயரையோ வைக்காதீர்கள்.

என்ன பெயர் வைக்கலாம் என்பதற்கு 1990-லேயே ஆர்எஃப்சி 1178 என்று ஓர் அருமையான குறிப்பு வந்திருக்கிறது, இன்றைக்கும் படிக்கலாம். சொந்தப் பெயர் வேண்டாம், நீளப் பெயர் வேண்டாம், இரண்டு விதமாக எழுத வாய்ப்புள்ள பெயர் வேண்டாம் என்கிறது. கடைசியாகச் சொன்னது நமக்கு ரொம்பப் பொருந்தும். ஆறுகளின் பெயரை சர்வர்களுக்கு வைப்பது எனக்குப் பிடித்த வழக்கம், ஆனால் தாமிரபரணியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங் எழுதுவார்கள், போனில் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பாலாறு, நொய்யலும் அப்படித்தான். வைகை தப்பிக்கும். லேப் மெஷின்களுக்கு அழகு பார்க்காமல் லேப் எண்ணும் இருக்கை எண்ணும் போதும், பத்துக்குக் கீழே உள்ள எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்தால் பட்டியல் வரிசை குலையாது.

தமிழில் பெயர் வைக்க முடியாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கிராஃபிகல் இன்ஸ்டாலரைத் தமிழிலேயே ஓட்டலாம், மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் ஹோஸ்ட்நேம் பெட்டிக்கு மேலே சொன்ன விதிதான். சிஸ்டம் எழுந்த பிறகு ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில் 'பிரெட்டி' என்று ஒரு வகை உண்டு, மனிதர்கள் படிப்பதற்கான பெயர் அது, அதில் தமிழ் தாராளமாக ஏறும். ஏற்றிவிட்டு போனில் புளூடூத் பட்டியலைத் திறந்தால் கம்ப்யூட்டர் தமிழ்ப் பெயரோடு வந்து நிற்கும். ஒரு பள்ளியில் இதைச் செய்து காட்டியபோது பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் மெஷினுக்கும் வேண்டும் என்று சூழ்ந்துகொண்டார்கள்.

நிறைய மெஷின் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு திரைகளின் இன்னொரு பலம் ப்ரீசீட். பதில்களை முன்கூட்டியே ஃபைலில் எழுதிவிடலாம், அல்லது பூட் வரியிலேயே 'ஹோஸ்ட்நேம்', 'டொமைன்' என்று இரண்டையும் கொடுத்துவிடலாம், திரை வராமலே வேலை ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிஎச்சிபி சர்வர் ஒரு பெயர் சொன்னால், ப்ரீசீடில் வழக்கமான கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலைவிட அதற்குத்தான் மரியாதை, திரை வராததால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. யார் என்ன சொன்னாலும் இந்தப் பெயர்தான் என்று கட்டாயப்படுத்த வேறொரு தனி வரி இருக்கிறது, டெபியன் தரும் மாதிரி ஃபைலிலேயே அது குறிப்போடு இருக்கும், முன்னால் இருக்கும் கமென்ட் குறியை எடுத்துவிட்டு உங்கள் பெயரை எழுதினால் போதும். லேப்களில் நான் தலைகீழாகச் செய்வேன்: ஒவ்வொரு மெஷினின் மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) டிஎச்சிபி சர்வரிலேயே பெயரை எழுதி வைத்துவிட்டு, எல்லா மெஷினுக்கும் ஒரே ப்ரீசீட் ஃபைல். எந்த மெஷினை எப்போது மறுபடி போட்டாலும் பழைய பெயரிலேயே எழுந்திருக்கும்.

கையால் போடுகிறவர் பெயரைத் தட்டித் தொடர்ந்த பிறகு மனம் மாறினால் கவலை வேண்டாம். 'திரும்பிச் செல்' பட்டனைத் தட்டித் தட்டி இன்ஸ்டாலரின் முழுப் பட்டியலுக்கு வந்து, நெட்வொர்க் அமைக்கும் படியை மறுபடி ஓட்டினால் இரண்டு கேள்விகளும் மீண்டும் வரும். ஆனால் எல்விஎம் போடுவதாக இருந்தால், டிஸ்க்கில் மாற்றங்களை எழுதலாமா என்று அது கேட்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.